இறங்காதே

டெய்லரக்காவின் வாய்க்கு மைக் தேவையில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பாராட்டா கிண்டலா என்பது சொல்கிறவர்களுக்கே தெரியாது. கடைக்குள் மெஷினை மிதித்தபடியே, "பேண்ட் ரெடி, வந்து எடுத்துக்கோ" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், பேண்ட்டுக்குச் சொந்தக்காரன் மட்டுமல்ல, அடுத்த தெருவில் சும்மா உட்கார்ந்திருப்பவனும் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். அந்த வாயை ஊர் ஒரு நாள் வேலைக்கு எடுத்துக்கொண்டது. சம்பளமில்லாத வேலை. கோஷம் போடுவது.

ஊருக்கு வெளியே, தார் ரோட்டின் அந்தப் பக்கம், ஒரு பெரிய வயல் கிடந்தது. வயல் என்பது பெயருக்குத்தான். சொந்தக்காரர் எப்போதோ நகரத்தோடு போய்விட்டார். ஏர் பார்த்துப் பல வருஷமான நிலம், முழங்கால் உயரத்துக்குப் புல். அதை ஒரு கட்டடக் கம்பெனி வாங்கி, வரிசை வீடுகள் வரப்போவதாகப் போர்டு நட்டது. அதுவரை அந்தப் பக்கம் ஒதுங்குவதற்கு மட்டும் போய்வந்த ஊர், போர்டு நட்ட மறுநாளிலிருந்து அதை 'நம்ம வயல்' என்று சொல்ல ஆரம்பித்தது.

எதிர்ப்புக் குழுவுக்குத் தலைவர் வாத்தியார். ரிட்டையர் ஆனதும் நகரத்திலிருந்து வந்து, வயலைப் பார்த்த மாதிரி மாடிவீடு கட்டிக்கொண்டவர். ஊருக்குக் கடைசியாகக் குடிவந்தவர் அவர்தான். இனிமேல் யாரும் வரக்கூடாது என்று முதலில் சொன்னவரும் அவர்தான். இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒரு நல்ல பதில் வந்திருக்கும். வாத்தியாரிடம் பதில் தீர்ந்துபோனதாகச் சரித்திரம் கிடையாது.

ஊரிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் பத்தாமல் போகும், பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது, திருட்டுப் பயம் வரும், யார் யாரோ வருவார்கள். கடைசியில் சொல்வதுதான் உண்மையில் முதல் காரணம். டெய்லரக்காவுக்கு இதில் ஒன்றுமே பொருந்தாது. யார் யாரோ வந்தால் அவர்களும் துணி போட்டுக்கொண்டுதான் வருவார்கள், அவளுக்கு வேலைதான் கூடும். அவளுடைய காரணம் வேறு. அது அவளுடைய தம்பி.

கடைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. அதில் தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய பெண் குழந்தை. நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு திரை. இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் படுக்கை. டெய்லரக்கா கடையிலேயே, துணி வெட்டும் மேஜையை ஓரம் தள்ளிவிட்டுப் படுப்பாள். தம்பி கொத்தனார். பகலெல்லாம் நகரத்தில் அடுத்தவனுக்குச் சுவர் எழுப்புகிறவன், வீட்டுக்கு வந்தால் அவனுக்குத் திரைதான் சுவர். அதுவும் அக்கா தைத்தது.

அம்மா போனபோது அவன் இடுப்புக் குழந்தை. வளர்த்தவள் இவள்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "இவனை யாரு பாத்துப்பா" என்று தட்டிக்கழித்தாள். பிறகு பேச்சு வருவதும் நின்றுபோனது. அதற்காக அவள் அழுததில்லை. ஆனால் அவன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அந்த வயல் பேச்சை எடுத்தபோது, கையிலிருந்த ஊசி விரலில் ஏறியது.

"மேஸ்திரிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்க்கா. வேலை அங்கேயே கிடைச்சுடும். வேலை பாக்கறவங்களுக்கு வீட்டுலயும் முன்னுரிமை தர்றாங்களாம்."

"அப்ப நான்?"

"நீயும்தான். உன்ன விட்டுட்டா போவேன்?"

"கடை?"

"கடை எங்க ஓடிப்போகுது? ரோட்டத் தாண்டினா கடை."

தம்பி மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். 'ஆமா அண்ணி, நீங்களும் வாங்க' என்று ஒரு வார்த்தை அந்த முதுகிலிருந்து வரும் என்று டெய்லரக்கா காத்திருந்தாள். வரவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்காமலேயே இருந்திருக்கலாம். டெய்லரக்கா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வராத அந்த வார்த்தையை மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டு, மறுநாளே வாத்தியார் வீட்டுக் கூட்டத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

கம்பெனி ஆட்கள் மண் பரிசோதிக்க வந்த அன்று ஊரே ரோட்டில் திரண்டது. வாத்தியார் கோஷம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். 'விளைநிலத்தை விலைநிலமாக்கும் வணிக வெறியை வன்மையாகக் கண்டிக்கிறோம்.' நல்ல தமிழ்தான். பாதியில் எல்லோருக்கும் மூச்சு முட்டியது. 'வணிக வெறி'யைத் தாண்டுவதற்குள் ஆளாளுக்கு ஒரு பக்கம் போய், கடைசியில் கும்பல் முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. வேனிலிருந்து மண்வெட்டியோடு இறங்கியவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

டெய்லரக்காவுக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இறங்காதே!" என்று ஒரு சத்தம் போட்டாள்.

அது அவள் யோசித்துச் சொன்னதல்ல. சின்ன வயசில் தம்பி குட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் கடையிலிருந்தே அவள் போடும் சத்தம் அது. எத்தனை தூரத்தில் இருந்தாலும் அவன் அப்படியே நின்றுவிடுவான். அதே போல வேன்காரர்களும் ஒரு நொடி நின்றார்கள். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. "இறங்காதே! இறங்காதே!" ஒரு சொல், எவனும் மறக்க முடியாது, மூச்சும் முட்டாது. வாத்தியாருக்கு முகம் சற்று வாடியது, ஆனாலும் கை தட்டினார். அன்றிலிருந்து அக்கா ஒரு தரம் எடுத்துக்கொடுத்தால் போதும், பின்னால் ஊர் மொத்தமும் திருப்பிச் சொல்லும். சிறுசுகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் அதைச் சொல்லிக்கொண்டே போயின.

ஆனாலும் அந்த ஆட்கள் தினம் வந்தார்கள். வயலில் அங்கங்கே ஆள் உயரத்துக்குக் குறுகலான குழி தோண்டி, மண்ணைப் பையில் போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு குழிப் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினார்கள். கடைசியில் ஒரு நாள் ஊர் பொறுமையிழந்து உள்ளேயே புகுந்தது. முன்னால் நின்றவன் பஸ் டிரைவர். ஹாரனை அமுக்கி அமுக்கி அவன் குணமே ஹாரன் மாதிரி ஆகியிருந்தது.

"குழிய மூடிட்டுப் போயிடறோம்ங்க, கொஞ்ச நேரம் குடுங்க" என்று கெஞ்சினான் மண் பார்க்க வந்த இன்ஜினியர்.

"மூட்டைய கட்டுங்க முதல்ல!" என்றான் டிரைவர்.

இன்ஜினியர் வேனில் ஏறிய பிறகும் ஜன்னலில் தலையை நீட்டி ஏதோ சொன்னான். "அந்தக் குச்சிய மட்டும்…" என்பது வரை பக்கத்தில் நின்ற டெய்லரக்காவின் காதில் விழுந்தது. மீதியை "இறங்காதே" விழுங்கிவிட்டது.

குச்சிகள் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. எல்லை காட்ட நட்டது, குழிக்கு நட்டது என்றெல்லாம் ஊர் பிரித்துப் பார்க்கவில்லை. கம்பெனிக் குச்சி என்றால் கம்பெனிக் குச்சிதான். எல்லோரும் போய்ப் பிடுங்கினார்கள். திருவிழா மாதிரி சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. டெய்லரக்காவும் சாய்ந்த வேலிக்கல்லுக்குப் பக்கத்தில் நின்ற குச்சியைத் தன் கையால் பிடுங்கினாள். அதன் அடியில் குழி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சுற்றிக்கொண்டுதான் திரும்பி வந்தாள்.

குச்சிகள் அடுப்புக்குப் போயின. துணியை அவளால் எறிய முடியவில்லை. புதுத் துணி, நல்ல கனம், ஓரத்தில் வெள்ளைக் கோடு ஓடியது. நல்ல துணி மண்ணில் கிடந்தால் தையற்காரியின் கை சும்மா இருக்காது. எல்லாவற்றையும் பொறுக்கித் துவைத்து, தம்பி குழந்தையின் வெள்ளைக் கவுனுக்கு அடியில் சுருக்கம் வைத்துச் சிவப்பு ஓரம் தைத்தாள். குழந்தை அதைப் போட்டுக்கொண்டு தெருவுக்கும் வீட்டுக்குமாகச் சுற்றியது.

"அழகா இருக்கு அண்ணி. எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள் தம்பி மனைவி.

"மிச்சத் துணிதான்" என்றாள் டெய்லரக்கா. கடையில் தினம் பத்துத் தடவை சொல்லும் வார்த்தை. சொன்ன மறுநிமிஷம் மறந்தும் போனாள்.

பிறகு மழை வந்தது. கூடவே, அனுமதி கொடுப்பதற்கு முன் இடத்தைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்ற செய்தியும் வந்தது. வாத்தியார் வீட்டு முன்னறையில் குழு கூடியது. ஈரக் குடைகள் மூலையில் சொட்டிக்கொண்டிருந்தன.

"தண்ணி தேங்குற இடம்னு தெரிஞ்சா அனுமதி கிடையாது. விதியிலேயே இருக்கு" என்றார் வாத்தியார்.

"தேங்காதே சார்" என்றான் டிரைவர். "ரோட்டுக்கு அடியில குழாய் இருக்கே. எவ்வளவு பெஞ்சாலும் அந்தப் பக்கம் ஓடைக்குப் போயிடும்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குழாய் திறந்திருந்தா ஓடும்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். 'அடை' என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, இலக்கணம் படித்தவர். டிரைவர் மண்ணை அள்ளினான், டெய்லரக்கா சாக்குகளின் வாயை இரட்டைத் தையல் போட்டு மூடினாள். அவளுடைய இரட்டைத் தையல் பிரிந்ததாக எவனும் திரும்பி வந்ததில்லை. சாக்குகளை ஓடைப் பக்கத்திலிருந்து குழாய்க்குள் திணித்தார்கள்.

அதிகாரி வந்த காலையில் மழை விட்டிருந்தது. வயல் இருந்த இடத்தில் ஒரு பெரிய கலங்கல் தண்ணீர், நடுவில் மழையில் படுத்த புல்லின் நுனியும் சாய்ந்த வேலிக்கல்லும் மட்டும் தெரிந்தன. ஊர் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்றது. அதிகாரி பூட்ஸ் போட்டிருந்தார். கம்பெனி சார்பில் டை கட்டிய ஒரு மேனேஜர் வந்திருந்தான். வயலை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவன், தண்ணீரைப் பார்த்து அவன் முகம் செத்துப்போனது.

"பாருங்க சார். எங்க ஊரு ஜனங்க கண்ணால பாக்கறதைத்தான் சொல்றாங்க" என்றார் வாத்தியார்.

அப்போதுதான் டெய்லரக்கா பார்த்தாள். மேனேஜருக்குப் பக்கத்தில் அவளுடைய தம்பி நின்றிருந்தான். வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவன்.

"கோடாரிக்காம்பு அங்க நிக்குது பாரு" என்றான் டிரைவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

தம்பி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரே அதிகாரியிடம் போனான்.

"சார், நான் இந்த ஊருதான். பொறந்ததுலேர்ந்து பாக்கறேன், இங்க தண்ணி நின்னதே கிடையாது. இது மேலாக்க நிக்கிற தண்ணி சார், கணுக்காலுக்குத்தான் வரும். கீழ கெட்டி மண்ணு, வீடு தாங்கும். நான் கொத்தனாரு, எனக்குத் தெரியும். நடந்து காட்டறேன் பாருங்க."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டினான். அக்கா தைத்த பேண்ட். தண்ணீரில் இறங்கி நடந்தான். அவன் சொன்னது சரிதான், கணுக்காலுக்குத்தான் வந்தது. ரோட்டிலிருந்து அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜரின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. பகலெல்லாம் நகரத்தில் இருப்பவன், குழி தோண்டியதைப் பார்த்ததில்லை. தம்பி அடையாளத்துக்கு அந்த வேலிக்கல்லைப் பார்த்து நடந்தான்.

டெய்லரக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரோட்டு விளிம்புக்கு ஓடினாள்.

"இறங்காதே!" என்று கத்தினாள். "டேய், இறங்காதே!"

ஊர் அதற்குத்தான் காத்திருந்தது. அக்கா எடுத்துக்கொடுத்துவிட்டாள். "இறங்காதே! இறங்காதே!" என்று மொத்தக் கும்பலும் கையை உயர்த்தித் திருப்பிச் சொன்னது. வாத்தியாரும் குடையை உயர்த்தினார். அவள் கையை ஆட்டினாள், வேணாம் வேணாம் என்றாள், குழி என்றாள். குரல் உயர உயர ஊரும் குரலை உயர்த்தியது. யாரோ ஒருத்தி, "அக்கா இன்னிக்கு தூள் கிளப்புது" என்று சிரித்தாள்.

தம்பி திரும்பிப் பார்த்தான். அவனும் சிரித்தான்.

"அக்கா! இன்னிக்காவது வாய்க்கு லீவு குடேன்!"

அதிகாரிக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. தம்பி செருப்புக் கையை ஆட்டிவிட்டு, இன்னும் ஓரடி வைத்தான். பிறகு அங்கே வேலிக்கல் மட்டும் இருந்தது.

கோஷம் உடனே நிற்கவில்லை. பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் மேலும் ஒரு தரம், இன்னொரு தரம் சொன்னார்கள்.

டிரைவர்தான் முதலில் குதித்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும். அவனுக்குப் பின்னால் நாலைந்து பேர். கலங்கல் தண்ணீரில் குழி எங்கே என்றே தெரியவில்லை. தேடிப் போனவர்களில் ஒருவன் வேறொரு குழியில் விழுந்து, அவனைத் தூக்குவதே பெரும்பாடாகிவிட்டது. டெய்லரக்கா வயலுக்குள் ஓடவில்லை. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஓடினாள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று அதிகாரி நினைத்தார். எங்கே ஓடுகிறாள் என்று ஊருக்குத் தெரியும்.

ஓடைச் சரிவில் சறுக்கிக்கொண்டு இறங்கிக் குழாய் வாயில் கை வைத்தாள். சாக்குகள் ஊறி உப்பி, குழாயோடு குழாயாக இறுகியிருந்தன. இழுத்தாள், அசையவில்லை. எப்போதும் கழுத்தில் தொங்கும் சின்னக் கத்தரிக்கோலால் தையலைக் குத்தினாள். இரட்டைத் தையல். முதல் வரிசை அறுந்த பிறகும் இரண்டாவது பிடித்துக்கொண்டிருந்தது. தன் தையலைத் தானே திட்டிக்கொண்டு, நகத்தாலும் பல்லாலும் பிய்த்தாள். மண் சரிந்து, ஒரு சாக்கு தொய்ந்து, தண்ணீர் அவளையும் தள்ளிக்கொண்டு பாய்ந்தது.

வயல் வடிந்து குழியின் வாய் தெரிந்தபோது அவனைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். ஒரு செருப்பு அவன் கையிலேயே இருந்தது.

மத்தியானத்துக்குள் அங்கே ஈரப் புல்தான் மிச்சம். அதிகாரி ஆஸ்பத்திரி வண்டியோடு போய்விட்டிருந்தார். அத்தனை தண்ணீர் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. சாக்குகளை டிரைவர் ஓடையோடு தள்ளிவிட்டான்.

பின்னறையில் தம்பி மனைவி பல நாள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு சாயங்காலம், குழந்தைக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்த டெய்லரக்காவிடம், யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் போலச் சொன்னாள்.

"புது வீட்டுல முன்னறை ஜன்னல் பக்கம் உங்க மெஷினுக்குன்னு சொல்லிவெச்சிருந்தேன் அண்ணி. அங்க வெளிச்சம் நல்லா விழும்னாரு. முதல்ல சொல்லிடாத, வீடு கெடச்சதும் சொல்லலாம்னாரு."

டெய்லரக்காவின் கையில் உருட்டிய சோறு அப்படியே நின்றது. குழந்தை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. அழக்கூட அவளுக்கு யோக்கியதை இல்லை என்று அவளுக்கே தோன்றியது.

விசாரணை வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் வாத்தியாரும் டிரைவரும் கடைக்கு வந்தார்கள். டிரைவர் தோளில் ஒரு துணி பேனர். அதில் தம்பியின் முகம் பெரிதாக அச்சாகியிருந்தது, கீழே 'இன்னும் எத்தனை உயிர்?' என்று கேள்வி. அந்த வீடுகளுக்காக வேலைக்கு லீவு போட்டு வந்தவன், இப்போது அந்த வீடுகளை எதிர்த்து உயிர் கொடுத்தவனாகியிருந்தான். அவனைக் கோடாரிக்காம்பு என்று சொன்ன வாய்தான் பேனரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது.

"ஓரம் மட்டும் அடிச்சுக் குடும்மா. கோல் நுழையற மாதிரி" என்றார் வாத்தியார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கம்பெனிக்காரன் குழிய தோண்டிட்டு ஒரு அடையாளம்கூட வைக்காம போயிட்டான். நாம சொல்ல வேண்டியது அவ்வளவுதான். நீ பேசக்கூட வேணாம். கேட்டா தலையாட்டினா போதும்."

டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டெய்லரக்கா திரையைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பின்னால் குழந்தை எதற்கோ சிரித்தது. உண்மை வெளியே வந்தால் தம்பி மனைவி பெட்டியைக் கட்டுவாள், குழந்தையும் அவளோடு போகும். தம்பியில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அவன் போய்விடுவான் என்ற பயத்தில்தான் எல்லாவற்றையும் செய்தாள். இப்போது அதே பயம் ஆளை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தது. பேனரை வாங்கி மெஷினில் போட்டாள். அவன் முகத்தை மடித்து மடித்து ஓரம் அடித்தாள்.

பொதுக்கூடத்தில் பெஞ்சு போதாமல் பலர் நின்றார்கள். மேடையில் அதே அதிகாரி. பக்கத்து நாற்காலியில் மண் பார்க்க வந்த இன்ஜினியர். டெய்லரக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தம்பி மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தாமதமாக வந்தாள். குழந்தைக்கு அந்த வெள்ளைக் கவுன். டெய்லரக்கா அதைத் துணிப் பெட்டியின் அடியில் மறைத்துத்தான் வைத்திருந்தாள். நல்ல கவுன் வேறு இல்லை என்று தம்பி மனைவி தேடி எடுத்துப் போட்டிருக்கிறாள். டெய்லரக்கா குழந்தையை வெடுக்கென்று வாங்கி மடியில் வைத்து, சிவப்பு ஓரத்தின் மேல் கையை விரித்து மூடிக்கொண்டாள்.

இன்ஜினியர் எழுந்தான்.

"குழிய மூட எங்கள விடல சார். ஆனா ஒவ்வொரு குழிக்கும் கொடி வெச்சோம். சிவப்புத் துணி, ஓரத்துல வெள்ளைக் கோடு. கம்பெனித் துணி சார் அது. எடுக்காதீங்கன்னு கத்திட்டுத்தான் போனேன்."

"பொய்!" என்றது கூடம். "கொடியே கிடையாது! ஒண்ணும் வைக்கல!"

வாத்தியார் கையமர்த்தினார். ஊர் அடங்கியது. அதிகாரி டெய்லரக்காவைப் பார்த்தார்.

"நீங்கதானேம்மா இறந்தவரோட அக்கா? நீங்க சொல்லுங்க. கொடி இருந்ததா?"

டெய்லரக்கா இல்லை என்று தலையாட்டினாள்.

ஆட்டும்போது கை தளர்ந்திருக்க வேண்டும். குழந்தை மடியிலிருந்து வழுக்கி இறங்கி, அம்மாவைப் பார்த்துத் திரும்பி நின்றது. கவுனின் ஓரம் விரிந்து தெரிந்தது. தம்பி மனைவி குனிந்து அதைப் பார்த்தாள். விரலால் தொட்டாள். வெள்ளைக் கோட்டின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு போனாள். பிறகு நிமிர்ந்து, இன்ஜினியர் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் நாத்தனார் முகத்தைப் பார்த்தாள்.

"மிச்சத் துணின்னு சொன்னீங்களே அண்ணி" என்றாள். "எதோட மிச்சம்?"

டெய்லரக்கா பதில் சொன்னாள். இரண்டாவது வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

அவள் எழுந்து நின்றாள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"குழிக்கு நட்ட கொடியோட மிச்சம்" என்றாள். "நாங்கதான் புடுங்கினோம். அந்தக் கல்லுகிட்ட இருந்ததை நான் புடுங்கினேன். தண்ணிய அடைச்ச சாக்கையும் நான்தான் தைச்சேன்."

தம்பி மனைவி அழவில்லை, திட்டவில்லை. குழந்தையின் கையை உயர்த்திக் கவுனைத் தலைவழியாகக் கழற்றினாள். அதை அதிகாரியின் மேஜையில் வைத்தாள். தோளில் கிடந்த துண்டைக் குழந்தைக்குப் போர்த்தி, கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். ஊர் விலகி வழிவிட்டது.

வெளியே மறுபடியும் மழை பிடித்திருந்தது. வாசற்படிகள் பாசி பிடித்தவை, ஈரத்தில் வழுக்கும், குழந்தை எப்போதும் அம்மா கையை உதறிவிட்டுத் தானாகத்தான் குதிக்கும். டெய்லரக்காவின் வாய் பழக்கத்தில் திறந்தது. அந்த ஒரு சொல் தொண்டை வரை வந்தது. அதைச் சொல்ல அவளால் முடியவில்லை.

குழந்தை படியில் ஒவ்வொன்றாக இறங்கிப் போயிற்று.